எடுக்காத பங்கு

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மாலை நான்கு மணிக்கு, கப்பல் ஆபீஸின் பெரிய கூடத்துக்குள் கடல் வந்தபோது, அந்தக் கட்டடத்தின் மதிலோர நடைபாதையில் உட்கார்ந்து ஒரு சங்கரா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்த தேசம்மா எழுந்து போய்ப் பார்க்கவில்லை; உள்ளே கூச்சல் கேட்டது, தண்ணீர் புரளும் ஓசை கேட்டது, காற்றில் உப்பு ஏறியதும் தெரிந்தது, ஆனாலும் அவள் தலையை மட்டும் நிமிர்த்தி வாசலைப் பார்த்து, "இன்னாவோ பண்றானுங்க" என்று சொல்லிவிட்டு மீனை மறுபக்கம் திருப்பினாள்.

மூன்று மாதமாக அவள் அந்த வாசலை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்துக்கு எதிரே இருந்த அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடத்தை வெள்ளைக்காரன் காலத்தில் ஏதோ ஒரு கப்பல் கம்பெனி கட்டியது. கம்பெனி போனது, பின்னால் வந்த கிடங்குக்காரர் போனார், புறாக்கள் வந்தன, விரிசல்களில் அரசங்கன்றுகள் முளைத்தன, நாற்பது வருஷம் பூட்டுத் தொங்கியது. அப்புறம் ஒருநாள் சாரம் கட்டினார்கள், புறாக்களை விரட்டினார்கள், செங்கல்லைத் தேய்த்துத் தேய்த்துப் புதுசாக்கினார்கள், கடைசியில் வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள். நகரக் கலைக்கூடம். அனைவரும் வருக. அனுமதி இலவசம். எட்டாவது வரை படித்திருந்த தேசம்மா மூன்று வரியையும் படித்தாள். முதல் இரண்டும் அவளை ஒன்றும் செய்யவில்லை. மூன்றாவது வரி தொண்டையில் மாட்டிய முள்ளைப்போல் நின்றுகொண்டது.

"சொம்மா வுடுறானா? இன்னாத்துக்கு சொம்மா வுடுறான்?" என்று பக்கத்துக் கூடைக்காரி அஞ்சலாட்சியிடம் கேட்டாள்.

"படம் மாட்டி வச்சிகீறான்க்கா. கண்ணால பாத்துட்டு வர்றதுக்குத் துட்டு எதுக்கு?"

"கக்கூஸ் போறதுக்கே துட்டு கேக்குற ஊருடி இது. படம் காட்றவன் சொம்மா காட்டுவானா? நீ உள்ள போய் படத்தப் பாக்க சொல்ல, அவன் உன்னப் பாப்பான். எத்தினி பேரு கீறோம், எங்க குந்துறோம், எப்ப எழுந்துக்கறோம், அல்லாத்தையும் பாப்பான்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்த நடைபாதைக்கு வருமுன் அவளையும் மற்றப் பதினோரு பெண்களையும் மூன்று இடங்களிலிருந்து எழுப்பியிருந்தார்கள், ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் ஏதோ ஒன்றை இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். பழைய மார்க்கெட்டிலிருந்து எழுப்பியபோது அதற்கு முந்தின வாரம் இலவசக் கண் பரிசோதனை நடந்தது. பாலத்தடியிலிருந்து எழுப்புமுன் ஆளுக்கொரு வேப்பங்கன்று கொடுத்தார்கள். ஸ்டேஷன் வாசலில் குடை. குடையை விரித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டு மடிப்பதற்குள் லாரி வந்துவிட்டது. இங்கே உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அவளுக்கு ஐம்பத்தாறு வயதாகிறது. இன்னொரு இடத்தில் போய் உட்கார்ந்து, இன்னொரு தெருவின் வாடிக்கைகளுக்குத் தன் முகத்தைப் பழக்கிக்கொடுக்க அவளிடம் இனி ஆயுசு இல்லை.

கடல் மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. நான்கு மணி அடித்ததும் கூடத்தின் கிழக்குச் சுவரடியில் தரை கறுக்கும், நுரை ஒரு கோடு இழுக்கும், பிறகு முழங்கால் ஆழத்துக்குப் பச்சைத் தண்ணீர் அலையலையாக உள்ளே புரண்டு, வாசற்படியின் கருங்கல்லைத் தொட்டுத் தொட்டுத் திரும்பும். ஒரு சொட்டுகூடப் படி தாண்டாது. ஐந்து மணிக்கு வந்த வழியே போய்விடும். தரையில் உப்புப் பொருக்கும் இரண்டொரு சிப்பியும் கிடக்கும். யாரும் ரொம்ப ஆச்சரியப்படவில்லை. அந்த இடம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்பது அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். துறைமுகம் கட்டிக் கடலைத் தள்ளிவைத்தார்கள். தள்ளிவைத்தவர்கள் செத்துப்போனார்கள், கடல் சாகவில்லை. ஆகையால் அது ஒருநாள் திரும்பி வந்து தன் இடத்தை எட்டிப் பார்த்ததில் என்ன அதிசயம் என்று பேசிக்கொண்டார்கள்.

கலைக்கூடத்தின் பொறுப்பாளர் வசுந்தரா, ஒல்லியாகச் சுங்குடிப் புடவையில் ஓயாமல் நடந்துகொண்டிருப்பவள், படங்களை இரண்டடி மேலே ஏற்றி மாட்டினாள், செருப்புக்கு ஒரு அலமாரி போட்டாள், பலகையின் அடியில் சாக்பீஸால் 'கடல்: 4 முதல் 5 வரை' என்று எழுதினாள். குழாய்க்காரர்கள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பேராசிரியர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போய், இது கடல்நீர்தான், இதற்கு மேல் தம்மால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று கடிதம் அனுப்பினார். பீச் ஸ்டேஷனுக்குப் போகிற பாங்க்காரர்கள் பேன்ட்டை மடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றுவிட்டு ரயிலுக்கு ஓடினார்கள். கால் வீக்கத்துக்கு நல்லது என்று சிலர் தினமும் வந்தார்கள். அஸ்தி கரைக்க வந்த ஒருவரை மட்டும் வசுந்தரா கும்பிட்டுத் திருப்பி அனுப்பினாள்.

தேசம்மா உள்ளே போகவே இல்லை. அஞ்சலாட்சியை விட்டு டிபன் பாக்ஸில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"பத்து மூட்ட உப்ப வாங்கிக் கொட்டுனா எங்க வூட்டுத் தொட்டியும் கடலுதான்" என்றாள்.

எட்டாம் நாள் அஞ்சலாட்சி உயிரோடு ஒரு நண்டை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடிவந்தாள். "இத்த எந்தக் கடையில வாங்கிக் கொட்டுனான்னு சொல்லுக்கா!" என்று அவள் நண்டை ஆட்டிக் காட்டியபோது தேசம்மா அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை, இன்னும் பெரிய தந்திரமாக எடுத்துக்கொண்டாள்.

செய்தி காசிமேட்டு மீனவர்களுக்குப் போனது. செத்துப்போன அவள் புருஷனின் அண்ணன் துலுக்கானம், நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு, கரையில் நின்று இழுக்கிற தம்முடைய பெரிய வலையைத் தள்ளுவண்டியில் ஏற்றிவந்து வாசலில் நிறுத்தினார்.

"மேடம், உள்ள வல போட்டுக்கலாமா?"

வசுந்தரா பலகையைத் திரும்பிப் பார்த்தாள். "அனைவரும் வருகன்னுதான் எழுதியிருக்கோம் ஐயா. படத்துல மட்டும் தண்ணி தெறிக்காமப் பாத்துக்குங்க."

அந்த வலைக்கு இரண்டு பக்கமும் நீளக் கயிறு. இரண்டு கயிற்றையும் ஆட்கள் கரையில் நின்று இழுக்க இழுக்க வலை சுருங்கி, நடுவிலிருக்கும் பையாகிய மடிக்குள் மீன் சேர்ந்து வரும். துலுக்கானத்தின் ஆட்கள் நாலு பேருக்கு அது தாங்காது. பதினோரு பெண்களும் சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே போனார்கள். படம் பார்க்க வந்தவர்கள், கால் நனைக்க வந்தவர்கள், நிழலுக்கு ஒதுங்கியவர்கள் எல்லாரும் சும்மா நிற்க முடியாமல் கயிற்றைப் பிடித்தார்கள். அங்கேதான் வழக்கம் குறுக்கே வந்தது. கயிற்றில் கை வைத்தவர் யாரானாலும் அவருக்குப் பங்கு உண்டு. உறவு, பகை, சாதி, ஊர் எதுவும் கேட்கக் கூடாது. கயிறு பிடித்துப் பங்கையும் எடுத்துக்கொண்டவர் அந்தக் கரையின் ஆள். ஒரு கரையாளை அதே கரையின் இன்னொரு ஆள் இடத்தைவிட்டு எழுப்பக் கூடாது.

பங்கு வைக்கிற வேலை தேசம்மாவுடையது. காசிமேட்டிலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் யாரையும் நம்பாத பெண் பிரித்தால் ஒரு நெத்திலி இங்கே அங்கே போகாது. அவள் உள்ளே வர மறுத்ததால் மடியை நடைபாதைக்கு இழுத்துவந்து அவள் முன்னால் கொட்டினார்கள். அவள் எத்தனை கை என்று கேட்டு, அத்தனை கூறு வைத்தாள். பாங்க்காரர்கள் காரப்பொடி மீனைக் கைக்குட்டையில் முடிந்து ரயிலேறினார்கள். ஒரு கல்லூரிப் பெண் கிழங்கான் மீனை லேப்டாப் பையில் வைத்துக்கொண்டு போனாள். வெளியூர் மாப்பிள்ளை ஒருவன் மட்டும், போட்டோவுக்காகக் கயிறு பிடித்தவன், பங்கை எடுக்காமல் பஸ் பிடித்துப் போய்விட்டான். எடுக்காத பங்கு கிடக்கிறவரை கரை கலையக் கூடாது, ஒருவராவது காவல் இருக்க வேண்டும் என்பதும் வழக்கம் என்பதால், பெண்கள் முறைவைத்து உட்கார்ந்தார்கள். மூன்று நாள் கழித்து அவன் மாமனார் விஷயம் கேள்விப்பட்டு வெட்கத்தோடு வந்து எடுத்துப் போனார். அந்த மூன்று நாளும் வெயிலில் கிடந்த மீன் கெடவில்லை, செவுள் சிவப்பு மாறவில்லை. உரியவர் வரும்வரை அது இருக்கும் என்றார் துலுக்கானம். சரி என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஆடி பிறந்த அன்று மதிலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தேசம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தாள். நடைபாதை ஆக்கிரமிப்பைப் பதினைந்து நாளில் அகற்ற வேண்டும். கீழே சின்ன எழுத்தில், கலைக்கூட நிர்வாகத்தின் கோரிக்கையின்பேரில்.

அவளுக்கு முதலில் வந்தது ஒருவித நிம்மதி. நான்கு மாதமாகத் தேடிய முள் கைக்கு அகப்பட்டுவிட்டது. பிறகுதான் பதினைந்து நாளை விரல்விட்டு எண்ணினாள்.

வசுந்தராவை வாசலில் நிறுத்திக் கேட்டாள். "நீதானே எழுதுன?"

வசுந்தரா பொய் சொல்லவில்லை. "நான்தான்மா. கடல் வர்றதுக்கு முன்னாடி. வாசல்ல வாடை வருது, வர்றவங்க முகம் சுளிக்கறாங்கன்னு எழுதினேன். அப்போ எனக்கு இங்க யாரையும் தெரியாது. இப்போ வேண்டாம்னு ரெண்டு தடவை எழுதிட்டேன். பதில் வரல."

"எழுப்புன்னு எழுதுனதுக்கு பதில் வந்துச்சி. எழுப்பாதன்னு எழுதுனதுக்கு மட்டும் வரலியா?"

"நிஜமாத்தான் சொல்றேன்."

"நிஜமாத்தான் கீது, நோட்டீசு" என்றாள் தேசம்மா.

அன்றிலிருந்து அவள் கூடையைச் சுவரோடு இன்னும் ஒட்டி வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் நான்கு மணிக்குக் கயிறு பிடிக்கப் போகும்போது, "நாம அல்லாரும் உள்ள போனா அந்த நேரம் பாத்துத்தான் லாரி வரும், போங்கடி, நான் குந்திகினுகீறேன்" என்றாள். பதினைந்தாம் நாள் அவள் சொன்னபடியே வந்தது. நான்கு இருபதுக்கு ஒரு லாரி, அதில் இரண்டு ஆட்கள், முன்னால் ஒரு ஜீப், அதிலிருந்து நீலச் சட்டையும் கோப்புமாகக் கிரிதரன் என்ற அதிகாரி. பன்னிரண்டு கூடைகளையும் ஒரே ஒரு பெண்ணையும் பார்த்தார்.

"மேடம் எங்க? கையெழுத்து வாங்கணும். வாங்கிட்டா எடுத்துடுவோம்."

"உள்ள. கடலாண்ட."

அவர் ஷூவோடு உள்ளே போனார். தேசம்மா ஒரு கணம் தவித்தாள். எழுந்தால் இடம் போகும். எழாவிட்டால் உள்ளே இரண்டு பேரும் என்ன பேசிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வார்களோ. அவள் அரிவாள்மணையை எடுத்துச் சுவரில் சாத்தி, லாரிக்காரர்களைப் பார்த்து, "ஒரு கூடையத் தொட்டீங்க, கைய அரிஞ்சி அதுலயே போட்டுருவேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பலகையின் அடியில் முதல் தடவையாக நுழைந்தாள்.

நுழைந்தவள் படியிலேயே நின்றாள். உயரத்துச் சாளரங்களிலிருந்து வெயில் சாய்ந்து தண்ணீரில் விழுந்து சுவரெல்லாம் நெளிந்தது; படங்களில் இருந்த முகங்கள் அந்த நெளிவில் வாயசைப்பதுபோல் இருந்தன; கிழக்குச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சுவரும் இருந்தது, அதன் வழியே வந்துகொண்டிருந்த அலையும் இருந்தது; ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக இல்லை. அலை அவள் கணுக்காலைத் தொட்டது. கடல்தான். நாக்கு ஒப்புக்கொள்ளாததைக் கால் ஒப்புக்கொண்டது. அதனாலேயே அவளுக்குப் பயம் அதிகமாயிற்று. பொய்யென்றால் சண்டை போடலாம்.

அன்றைக்கு வலையில் என்றைக்கும் இல்லாத பாரம். இரண்டு கயிறும் நரம்பைப்போல் விறைத்து நின்றன. துலுக்கானம் கழுத்துப் புடைக்கக் கத்தினார்: "கை குடுங்கப்பா! சும்மா நிக்காதீங்க, கை குடுங்க!"

மாடிப் படிக்கட்டில் சில படங்களை நனையாமல் பிடித்துக்கொண்டு நின்ற வசுந்தரா இறங்கி ஓடிவந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, தெற்குக் கயிற்றைப் பிடித்தாள். அவளை நோக்கிக் கோப்பை நீட்டியபடி தண்ணீரில் நடந்த கிரிதரனை ஓர் அலை முழங்காலுக்குப் பின்னால் அடித்தது, அவர் தடுமாறி, விழாமலிருக்க அகப்பட்டதைப் பிடித்தார், அகப்பட்டது கயிறு. கோப்பு மிதந்து போனது. பிடித்த பிறகு விடலாம்தான். ஆனால் முன்னும் பின்னும் ஆட்கள் ஏலேலோ போட்டுச் சாய்கிறபோது, நடுவில் கயிறு பிடித்தவர் சாயாமல் நிற்க முடியாது. அவரும் சாய்ந்தார், இழுத்தார், ஷூ வழுக்க வழுக்கப் பின்னால் நடந்தார், ஒரு கட்டத்தில் வாய்விட்டுச் சத்தமும் போட்டார். படியில் நின்ற தேசம்மா கை வைக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்குக் கடல் போயிற்று. மடியை நடைபாதையில் கொட்டினார்கள். சங்கராவும் வவ்வாலும், காரப்பொடியும் கானாங்கெளுத்தியும், வெள்ளி உருக்கி ஊற்றியதுபோல் நெத்திலியும், நடுவில் நண்டுகள் நடக்க, குவியல் அவள் முழங்காலுக்கு வந்தது. தேசம்மா உட்கார்ந்து கூறு வைத்தாள். பெரிசுக்குப் பெரிசு, சிறிசுக்குச் சிறிசு, கண்ணால் நிறுத்து, கையால் நிரவி, வரிசை வரிசையாக வைத்துக்கொண்டே போனாள்.

"யக்கா, இருபத்திரண்டுதானே? ரெண்டு கூறு ஜாஸ்தி கீதே" என்றாள் அஞ்சலாட்சி.

"இருபத்தி நாலு கை. நான் எண்ணுனேன்."

புரிந்ததும் பெண்கள் கொதித்தார்கள். "நம்மள எழுப்ப வந்தவனுக்கா? எழுதிக் குடுத்தவளுக்கா? உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா?"

"கயிறு பிடிச்சாங்க. அவுங்க ஆருன்னு கயிறு கேக்கல, நான் கேக்குறேனா?" என்றாள் தேசம்மா. ஆனால் பங்கைக் கொடுத்தால் அது தங்களைக் காப்பாற்றும் என்று அவளுக்கு நிச்சயம் இல்லை. இவர்களுக்கு வழக்கம் தெரியாது. தெரிந்தாலும் சிரித்துவிட்டு மீனைத் தின்றுவிட்டு மறுநாள் லாரி அனுப்பலாம். அவளிடம் வேறு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

வசுந்தரா தன் கூறின் முன்னால் குந்தினாள். அவள் வீட்டில் மீன் வாடையே கிடையாது. இரண்டு கையாலும் அள்ளினாள், வழுக்கியது, மறுபடி அள்ளி முந்தானையில் கட்டிக்கொண்டாள். பிறகு கிரிதரனைப் பார்த்து, "நான் கையெழுத்துப் போட முடியாது சார். பங்கு எடுத்துட்டேன்" என்றாள். அதை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோனாள், யாரிடம் என்ன சொன்னாள் என்பது இன்றுவரை தெரியாது.

கிரிதரன் நனைந்த கால்சட்டையோடு தன் கூறைப் பார்த்தார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார். "யாராவது வீடியோ எடுக்கறீங்களா?"

"இல்ல சார். உன் பங்கு, எடுத்துக்க" என்றாள் தேசம்மா.

"நான் யார்கிட்டயும் எதுவும் வாங்கறதில்ல."

"நான் குடுக்கல சார். நீ இழுத்தது."

"எடுத்துக்கிட்டா?"

துலுக்கானம் வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "எடுத்துக்கினா எங்க கரையாளு நீ. கரையாளக் கரையாளு எழுப்பக் கூடாது நைனா."

"எடுத்துக்கலன்னா?"

"எடுத்துக்கற வரைக்கும் கரை கலையாது. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் குந்தினே இருப்போம்."

கிரிதரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவரிடம் அழுதிருக்கிறார்கள், காலில் விழுந்திருக்கிறார்கள், மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார்கள். மீனை வைத்து யாரும் இப்படி மடக்கியதில்லை. இதில் எங்கேயோ கண்ணி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. லாரிக்காரர்களைப் பார்த்து, "இந்தக் கூறை மட்டும் அள்ளி ஓரமா போடுங்க" என்றார். அவர்களில் ஒருவன் பழவேற்காட்டு மீனவன் மகன். அவன் இரண்டடி பின்னால் போய், "அது உங்க பங்கு சார், நாங்க தொடக் கூடாது சார்" என்றான். மேலிடத்தில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

மேலிடத்துக்கு அவர் எழுதினார். அந்த மீனை எந்தத் தலைப்பில் சேர்ப்பது, கைவிடப்பட்ட பொருளா, கைப்பற்றப்பட்ட பொருளா, அன்பளிப்பா என்று அங்கிருந்து கேட்டார்கள்; அது முடிவாகாமல் லாரியும் வரவில்லை. ஆடி போனது, ஆவணி போனது, புரட்டாசியில் வியாபாரம் படுத்து எழுந்தது. நான்கு மணிக்குக் கடல் வந்து ஐந்து மணிக்குப் போனது. கூறு மட்டும் அதே இடத்தில் செவுள் சிவக்கக் கிடந்தது. பூனைகள் முகர்ந்துவிட்டு விலகிப் போயின. பெண்கள் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை முறை வசுந்தராவுடையது, அன்றைக்குத் தேசம்மா வேலை இல்லாவிட்டாலும் பக்கத்திலேயே இருந்து அவளையும் காவல் பார்த்தாள்.

ஐப்பசியில், மழை விட்ட ஒரு பிற்பகலில், கிரிதரன் பஸ்ஸிலிருந்து இறங்கித் தனியாக வந்தார். கோப்பு இல்லை, ஜீப் இல்லை. எதிர்ச்சாரியில் ரொம்ப நேரம் நின்றார். பிறகு சாலையைக் கடந்து வந்து, யாரோடும் பேசாமல், தன் கூறின் முன்னால் குந்தி உட்கார்ந்து, வாங்க வருகிறவர்கள் செய்வதுபோல ஒரு சங்கராவின் செவுளை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். தேசம்மாவின் கை அரிவாள்மணையில் நின்றது. அவர் மீனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி மீனைப் பார்த்தார். கை ஒரு தடவை நீண்டது. பிறகு கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். போகிற வழியில் அந்த விரலை மூக்கருகே கொண்டுபோனதை அவள் பார்த்தாள்.

அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இந்த ஆள் என்றைக்காவது எடுத்துக்கொள்ளத்தான் போகிறார். எடுத்துக்கொண்டால் கரையாள். கரையாளுக்கு, வந்தால் உட்கார இடம் வேண்டும்.

அவள் கூறின்மேல் தண்ணீர் தெளித்தாள். தன் கூடையை ஒரு முழம் இந்தப் பக்கம் இழுத்தாள், கொஞ்சம் யோசித்து இன்னும் அரை முழம் இழுத்தாள். ஓர் ஆள் குந்துகிற அளவுக்கு நடைபாதை வெறுமையாயிற்று. அந்த வெற்றிடத்தை ஓரக்கண்ணால் முறைத்துப் பார்த்துக்கொண்டே அடுத்த மீனை எடுத்தாள்.